வழிமொழிய நின்றவன்

ஜனவரி 12

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கெப்பாசிட்டர் போயிருந்தது. புதிது வாங்கக் கடைத்தெருவுக்குப் போன இடத்தில் கஸ்பாரிடம் மாட்டிக்கொண்டேன்.

கஸ்பார் என் மனைவி ஜெசிந்தாவின் அண்ணன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஐஸ் டெப்போ வைத்திருக்கிறான். சின்ன வயதில் ஒரே அணியில் பந்து விளையாடியவர்கள் நாங்கள். மரைன் ஸ்டார் கிளப்பின் பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் அந்த டெப்போ வாசலில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள். நான் மட்டும் போவதில்லை.

“புரொபசர் வாராரு, எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கல” என்றான்.

நான் புரொபசர் இல்லை என்பது அவனுக்குத் தெரியும். கல்லூரியில் பத்தொன்பது வருடம் தற்காலிக விரிவுரையாளராக வரலாறு நடத்தினேன். நிரந்தர இடம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் வேறு யாருக்கோ போனது. யார் யாருக்கு, யார் சிபாரிசில் என்பதெல்லாம் பழைய நாட்குறிப்புகளில் இருக்கிறது. இப்போது போட்டித் தேர்வு மையம் ஒன்றில் பாடம் நடத்துகிறேன்.

பேச்சு புது ஸ்டேடியத்தைப் பற்றி. நாங்கள் மணலில் ஆடிய அதே இடத்தில் புன்னைத்துறை நகராட்சி கேலரியும் விளக்குக் கம்பங்களுமாகக் கட்டி முடித்திருக்கிறது. பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை.

“மாஸ்டர் பேருதான் வைப்பாவ” என்றான் கஸ்பார்.

“முன்னாள் அமைச்சர் வைரவசாமி பேருதான். கல்வெட்டே தயாரா இருக்கும்.”

“அந்த ஆளு பந்தைக் கையால எடுக்கணுமா காலால எடுக்கணுமான்னு கேப்பாரு.”

“அதனாலதான் அவர் பேரை வைப்பாவ. இந்த ஊரை உனக்குத் தெரியாது.”

“பந்தயமா?”

எங்கள் கிளப்பில் காசு வைத்துப் பந்தயம் கட்டுவது கிடையாது. பயிற்சி கொடுத்த மாஸ்டருக்குப் பிடிக்காது. தோற்றவன் வேலை செய்ய வேண்டும். ஜெர்சி துவைப்பது, சுண்ணாம்புக் கோடு போடுவது, வெளியே போகும் பந்தை எடுத்துவருவது, இப்படி.

“தோத்தவன் தொறப்பு விழா மேட்ச்ல கோல் போஸ்ட்டுக்குப் பின்னால நின்னு பந்து பொறுக்கணும்” என்றான் கஸ்பார்.

“உன் முழங்காலை வச்சுக்கிட்டா?”

“என் முழங்காலுக்கு நீ ஏன் மச்சான் கவலைப்படுத? பொறுக்கப்போறது நீதான.”

எல்லோரும் சிரித்தார்கள். கை கொடுத்தேன். ஐம்பத்து நான்கு வயதில் பந்தயம். கெப்பாசிட்டர் வாங்க மறந்துபோய் மறுபடியும் போனேன்.

ஜனவரி 15

மாஸ்டரைப் பற்றி இங்கே ஒரு குறிப்பு எழுதி வைக்கிறேன்.

முப்பது வருடம் மரைன் ஸ்டாருக்குச் சம்பளம் வாங்காமல் பயிற்சி கொடுத்தவர். பகலில் உப்புக் கம்பெனியில் எடை போடும் வேலை. வலை பின்னுகிறவன் மகனும் லாரி டிரைவர் மகனும் ஒரே மாதிரி திட்டு வாங்குவார்கள். இந்தக் கடற்கரையில் மாநில அணிக்கு ஆடிய ஒன்பது பேரும் அவர் கையால் வளர்ந்தவர்கள்.

அவர் பெயரை நாங்கள் யாரும் வாயால் சொன்னதில்லை. பயிற்சிக்கு வரும் முதல் நாளே மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். மாஸ்டர் பெயரைச் சொன்னால் ஆட்டம் தோற்கும். சொன்னவன் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டும். யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது. அவருக்கே இதில் சிரிப்புதான். ஆனால் பழகிவிட்டது. முந்தின வருடம் அவர் இறந்தபோது ஒட்டிய போஸ்டரில்கூட அவர் படமும் ‘எங்கள் மாஸ்டர்’ என்ற இரண்டு சொல்லும்தான் இருந்தன.

படித்தவன் என்ற முறையில் இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பெயரை இங்கே எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. அன்று காய்ச்சல்.

ஜனவரி 23

மேல்தொட்டி கழுவினேன். அடியில் ஒரு விரல் உயரத்துக்குச் சேறு.

பிப்ரவரி 4

சாயங்காலம் கஸ்பார் வீட்டுக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பின்னால் மரைன் ஸ்டாரின் பழைய ஆட்கள் நான்கைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். யாருக்கோ பெண் கேட்க வந்தவர்கள் மாதிரி இருந்தது.

நகராட்சியில் பெயர் வைப்பது பற்றிப் பதினெட்டாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டமாம். ஒவ்வொரு சங்கத்துக்கும் இரண்டு பேர். ஒருவர் எழுந்து எட்டு நிமிடத்துக்குள் பெயரை முன்மொழிந்து பேச வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அவ்வளவுதான்.

“நீதான் மச்சான் பேசணும்” என்றான் கஸ்பார். “எங்களுக்கு நாலு பேரு முன்னாடி வாய் வராது. நான் கூட நின்னு வழிமொழிஞ்சிருதேன்.”

“நான் எதுக்குப் பந்தயம் கட்டியிருக்கேன்னு மறந்துட்டியா?”

“பந்தயம் வேற, பேச்சு வேற. பந்தயத்துல தோத்தா என்ன, ரெண்டு பந்து பொறுக்கிப் போடப்போற. மாஸ்டருக்கு இது ஒண்ணுதான இருக்கு? அவருக்குச் சொந்த வீடு கிடையாது, பிள்ளை கிடையாது. அந்த மணலுதான்.”

ஜெசிந்தா காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகாமல் கதவில் சாய்ந்து என்னைப் பார்த்தாள்.

சரி என்றேன். பத்தொன்பது வருடம் மேடையில் நின்று பேசியவனுக்கு எட்டு நிமிடப் பேச்சு பெரிய காரியமில்லை. இத்தனை வருடம் கழித்து இவர்களுக்கு என் படிப்பு ஞாபகம் வந்திருக்கிறது.

கிளம்பும்போது கஸ்பார் என் தோளைத் தட்டினான். எனக்கு அது பிடிக்காது.

பிப்ரவரி 9

மாஸ்டரைப் பற்றிக் குறிப்பு எடுக்க உட்கார்ந்தேன். நான்கு பக்கம் எழுதிய பிறகு பார்த்தால் எல்லாம் தொண்ணூற்றொன்றாம் வருடத்து மாவட்ட இறுதியாட்டம்.

அன்று நான் வலது ஓரம். ஒன்றுக்கு ஒன்று சமநிலை. இரண்டாம் பாதியில் பாதி நேரம் போயிருக்கும், மாஸ்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து கையைத் தூக்கி என்னை அழைத்தார். வேறு யாரையோ என்று நினைத்தேன். என்னைத்தான். என் இடத்தில் கஸ்பார் இறங்கினான். ஆட்டம் முடிய இருந்த நேரத்தில் அவன் கால் பட்டுத்தான் கோல் விழுந்தது. மாநிலத் தேர்வுக் குழுவில் இருந்தவர்கள் அன்று கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பார்த்தது கஸ்பாரை.

நான் ஆட்டம் முடியும்வரை இருக்கவில்லை. ஜெர்சியோடு வீட்டுக்கு நடந்தேன். பிறகு அந்த மைதானத்துக்குப் போனதில்லை.

ஏன் எடுத்தார் என்பதற்கு எனக்குப் பல விளக்கங்கள் உண்டு. கஸ்பாரின் அப்பா கிளப்புக்கு வலை வாங்கிக் கொடுத்தவர். நான் கல்லூரிக்குப் போனது சிலருக்குப் பிடிக்கவில்லை. எதையும் நிரூபிக்க முடியாது.

நான்கு பக்கத்தையும் மடித்து வைத்தேன். கிழிக்கவில்லை. சில வரிகள் நன்றாக வந்திருக்கின்றன.

பிப்ரவரி 17

சட்டைக்கு இஸ்திரி போட்டாகிவிட்டது. ஜெசிந்தா நாளைக்காக அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாளாம். யார் ஜெயிப்பதற்கு என்று கேட்டேன். விளக்கை அணைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 18

என் பேச்சு நன்றாக அமைந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கூட்டரங்கு நிறைந்திருந்தது. முதலில் வைரவசாமிக்காக ஒரு கவுன்சிலர் பேசினார். இரண்டு நிமிடம், அதில் பாதி பட்டங்கள். இன்னொருவர் வழிமொழிந்தார். கைதட்டல் சம்பிரதாயத்துக்கு.

பிறகு நான். அரங்கம் முதல் வாக்கியத்திலேயே அடங்கிவிட்டது. இந்த ஊரில் திறமை எப்படி நடத்தப்படுகிறது என்று தொடங்கினேன். தேர்வுக் குழுக்களின் பாரபட்சம். தகுதி உள்ளவன் தற்காலிகமாகவும் தகுதி இல்லாதவன் நிரந்தரமாகவும் இருக்கும் கல்லூரிகள். கேலரியை மேற்குப் பார்த்துக் கட்டி, சாயங்கால வெயிலை நேரே கண்ணில் விழ வைத்த நகராட்சிப் பொறியியல் பிரிவு. இந்த இடத்தில் ஆளுங்கட்சிக் கவுன்சிலர்கள்கூட மேசையைத் தட்டினார்கள். ஒரு பயிற்சியாளர் தவறான நேரத்தில் ஒருவனை வெளியே எடுத்தால் அவன் வாழ்க்கை என்ன ஆகும் என்றும் சொன்னேன். ஊர்ப் பெயரையும் ஆள் பெயரையும் தவிர்த்தேன். பேச்சின் நாகரிகம் அது.

மாஸ்டரின் பெயரை முடிவில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். மணி அடித்துவிட்டார்கள். நான்கைந்து வரி மிச்சம் இருந்தது. கைதட்டல் அடங்க நேரம் ஆனது.

அதற்குப் பிறகு கஸ்பார் காரியத்தைக் கெடுத்தான்.

நான் பேசத் தொடங்கியதிலிருந்தே அவன் நாற்காலியின் நுனியில் பாதி எழுந்த நிலையில், வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு இருந்தான். பெயரைச் சொன்னதும் எழுந்துவிட வேண்டும் என்று. ஒரு ஓரத்தில் அது என் கவனத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தது.

நகர்மன்றத் தலைவி சுகிர்தா, “வழிமொழியிறது யாரு?” என்று கேட்டார்.

“நான் வழிமொழியிதேன்” என்று எழுந்தான்.

“எந்தப் பேரை அண்ணாச்சி?”

“மாஸ்டர் பேரை.”

“அவுகளுக்குன்னு ஒரு பேரு இருக்கும்லா? மினிட்ஸ்ல எழுதணும்.”

கஸ்பார் வாயைத் திறந்தான். மூடினான். நாற்பது வருடமாகச் சொல்லாத பெயர். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது. மறுபடி திறந்தான். “மாஸ்டர்” என்று மட்டும் வந்தது. பின்னாலிருந்து யாரோ, “பேரு தெரியாதவருக்கா ஸ்டேடியம்?” என்றார்கள். சிரிப்பு.

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

“சார், நீங்களாவது சொல்லுங்க” என்றார் தலைவி.

மைக்கை அதற்குள் எடுத்துப்போய்விட்டார்கள்.

அடுத்த பொருள், மீன் சந்தைக் கூரை.

வெளியே வந்ததும் இரண்டு பேர் கை கொடுத்துப் பாராட்டினார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தாசில்தார். கஸ்பாரைக் காணவில்லை. வாசலில் காத்திருந்த கிளப் ஆட்களையும் காணவில்லை. ஆட்டோ பிடித்து வந்தேன்.

பிப்ரவரி 19

கஸ்பாருக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. ஒரு வழக்கத்தை மதித்ததற்காக யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

பிப்ரவரி 20

குழம்பில் உப்பு இல்லை. சொன்னேன். உப்பு ஜாடியைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 22

ஜெசிந்தா நான்கு நாளுக்குப் பிறகு பேசினாள். துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

“ஒரு பேரு. ஒரே ஒரு பேரு சொல்லச் சொன்னாவ.”

“எங்க கிளப் வழக்கம் உனக்குத் தெரியாதா?”

“வழக்கமா? பெரிய வெள்ளிக்கு ஆட்டுக்கறி வாங்கிட்டு வந்த ஆளு நீங்க. உங்களுக்கு வழக்கமா?”

“மணி அடிச்சிட்டாங்க ஜெசி.”

“அடிக்கத்தான் செய்வாவ. அண்ணன் உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னுச்சாம். ஊரே சொல்லுது.” என் வேட்டியை எடுத்து மடித்தாள். “அடக்கத்தன்னிக்கும் காய்ச்சல்னு சொன்னீங்க. நான்தான் நெத்தியில கை வச்சுப் பாத்தேன். ஐஸ் மாதிரி இருந்துச்சு.”

வேட்டியை மடிப்புக் கலையாமல் அலமாரியில் வைத்தாள். அவளுக்குத் துணி மடிக்கத் தெரியும்.

மார்ச் 3

நகர்மன்றத் தீர்மானம் நிறைவேறியது. ‘கோ. வைரவசாமி விளையாட்டரங்கம்.’ வேறு பெயர் எதுவும் முன்மொழியப்படவில்லை என்று பத்திரிகையில் ஒரு வரி.

நான் பந்தயத்தில் ஜெயித்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி நான் சொன்னது ஒன்றுகூடத் தவறியதில்லை.

மார்ச் 11

குடிநீர் இணைப்பில் சாக்கடை வாடை வருகிறது. புகார் கொடுக்க நகராட்சிக்குப் போனேன். படியில் தலைவி சுகிர்தா எதிரே வந்தார். நின்று வணக்கம் சொன்னார்.

“அன்னைக்கு ரொம்ப நல்லாப் பேசுனீங்க சார். கேலரி விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. இன்ஜினியரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன்.”

நன்றி சொன்னேன்.

“ஆனா பேரைச் சொல்லாம விட்டுட்டீங்களே சார்.”

“சொல்லியிருந்தாலும் நடந்திருக்காதுங்களே, மேடம்.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “அப்படியில்ல சார். வைரவசாமி ஐயாவே முந்தின நாள் போன்ல சொன்னாரு. ‘உயிரோட இருக்கறவன் பேரை வச்சா எவனாவது கோர்ட்டுக்குப் போவான், வயசான காலத்துல எனக்கு எதுக்கும்மா அது. பந்து விளையாடுறவங்க யாரு பேராவது வந்துச்சுன்னா அதையே வச்சிருங்க’ன்னு. எங்க ஆளுங்களுக்கும் சொல்லியாச்சு. அதனாலதான் எங்க கவுன்சிலர் ரெண்டே நிமிஷத்துல உக்காந்தாரு. நீங்க ஒரு பேரைச் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். எங்களுக்கும் நிம்மதி.”

கீழே யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போகும்போது, “தொறப்பு விழாவுக்கு உங்களுக்கு முன்வரிசை பாஸ் அனுப்பச் சொல்லுதேன், அவசியம் வரணும்” என்றார்.

புகார் மனுவைக் கொடுக்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் பையில் இருந்தது தெரிந்தது.

மார்ச் 12

வெயில் அதிகம். எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 14

எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். இதை எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். தெரிந்திருந்தால் என்றால் என்ன பொருள் என்று யோசித்தேன். பெயர் எனக்குத் தெரிந்துதானே இருந்தது.

மார்ச் 27

மையத்துக்குப் போகும் பஸ் ஸ்டேடியத்தைத் தாண்டித்தான் போகிறது. வளைவின் மேல் ஆள் ஏறி எழுத்து பொருத்துகிறார்கள். காலையில் ‘வைர’ வரை வந்திருந்தது. திரும்பும்போது முழுதாக இருந்தது. ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒருவர், “நல்ல எழுத்து, ராத்திரி எரியுமாம்” என்றார்.

ஏப்ரல் 6

டெப்போவுக்குப் போனேன். நான் வருவதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. கஸ்பார் ஐஸ் பாரை இரும்புக் கொக்கியால் இழுத்துக்கொண்டிருந்தான். நிறுத்தவில்லை.

“பந்தயத்தை விட்ருவோம் கஸ்பார்” என்றேன்.

“எதுக்கு?”

“உன் முழங்காலு வீங்கியிருக்குன்னு ஜெசி சொன்னா. விளையாட்டுக்குத்தான பேசினோம்.”

“நான் விளையாட்டுக்குப் பேசல.” கொக்கியை ஓங்கிக் குத்தினான். பார் இரண்டாகப் பிளந்தது. “கை குடுத்தாச்சு. கை குடுத்தா செய்யணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தவரு இருந்தாரு. உனக்கும் அவருதான் சொல்லிக் குடுத்தாரு. உனக்குப் பாடம் ஏறல.”

ஒருவன், “உக்காருங்க சார், டீ சொல்லவா?” என்றான்.

“அவருக்கு முன்வரிசையில சீட்டு இருக்குல. இங்க எல்லாம் உக்கார மாட்டாரு” என்றான் கஸ்பார்.

பாஸ் வந்தது அவனுக்கு எப்படித் தெரியும் என்று தெரியவில்லை. ஜெசிந்தாதான்.

ஏப்ரல் 20

திறப்பு விழா. போகாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். மதியம் ஜெசிந்தா என் சட்டையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். “போய் முன்னாடி உக்காந்து பாருங்க” என்றாள்.

குஷன் நாற்காலி. காலுக்குக் கீழே கம்பளம். வைரவசாமி ஆம்புலன்ஸில் வந்து சக்கர நாற்காலியில் இறங்கினார். ரொம்பவும் தளர்ந்திருந்தார். ரிப்பன் வெட்டக் கை நடுங்கியது. பத்து நிமிடத்தில் அழைத்துப்போய்விட்டார்கள். கல்லூரி இடங்கள் இவர் சிபாரிசில்தான் போயின என்று இந்த மனிதரை எத்தனை வருடம் வெறுத்திருக்கிறேன். அவரோ மேலே இருந்த தன் பெயரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காட்சி ஆட்டம். காவல்துறை அணியும் துறைமுக அணியும். வடக்குப் பக்கக் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கஸ்பார். மரைன் ஸ்டாரின் பழைய நீல ஜெர்சி. வயிற்றில் இறுகி, நிறம் போய். இன்னொரு பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்றார்கள். இந்தப் பக்கம் அவன் ஒருத்தன்தான்.

பந்து வெளியே போகும்போதெல்லாம் ஓடினான். ஓட்டம் என்று சொல்ல முடியாது. இடது காலைத் தூக்கிப்போட்டு, வலது காலை இழுத்து. கேலரியில் முதலில் சிரித்தார்கள். “தாத்தா, ஆம்புலன்ஸ் வரட்டுமா?” என்று ஒருவன் கத்தினான். கஸ்பார் திரும்பிப் பார்த்து, “உங்க மந்திரி அய்யா வந்த ஆம்புலன்ஸா, அனுப்புல” என்றான். பெரிய சிரிப்பு. அதன் பிறகு யாரும் கேலி செய்யவில்லை. பந்தைத் தூக்கி எறியாமல் ஒவ்வொரு முறையும் கோல்கீப்பருக்கு முன்னால் குனிந்து, இரண்டு கையாலும் வைத்துவிட்டு வந்தான். மாஸ்டர் எங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார். பந்தை எறியக் கூடாது, வைக்க வேண்டும்.

சாயங்கால வெயில் நேரே கண்ணில் விழுந்தது. கையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் கைக்குட்டை வேண்டுமா என்று கேட்டார். வெயில்தான் என்றேன்.

ஆட்டம் முடிந்ததும் கஸ்பார் கேலரிக்குக் கீழே வந்து நின்று நிமிர்ந்து பார்த்தான். முகம் சிவந்து, தலையெல்லாம் தண்ணீர் ஊற்றிய மாதிரி.

“ஜெயிச்சிட்ட புரொபசர். பந்தயம் முடிஞ்சுது.”

கை கொடுக்கக் குனிந்தேன். கேலரி உயரம். எட்டவில்லை. அவனும் கையைத் தூக்கவில்லை.

ஏப்ரல் 24

கஸ்பார் படுத்திருக்கிறான். முழங்காலில் நீர் கோத்திருக்கிறதாம். ஜெசிந்தா இரண்டு வேளையும் அண்ணன் வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறாள். தூக்குச்சட்டியை நான் பஸ் நிறுத்தம்வரை தூக்கி வந்தேன். அதற்கு மேல் அவள் வாங்கிக்கொண்டாள்.

மே 5

ஸ்டேடியத்தைக் காலையில் நடைப்பயிற்சிக்குத் திறந்து விடுகிறார்கள். கஸ்பார் எழுந்து நடமாடுகிறான், அங்கே வந்து உட்காருகிறான் என்று ஜெசிந்தா போனில் யாரிடமோ சொன்னாள். எனக்குக் கேட்கும்படி சொன்னாள்.

போனேன். தொண்ணூற்றொன்றுக்குப் பிறகு முதல் முறையாகக் கோட்டுக்குள் கால் வைத்தேன். மணல் இல்லை, புல். கஸ்பார் கோல் போஸ்ட்டுக்குப் பக்கத்தில், காலை நீட்டிக்கொண்டு தரையில் இருந்தான். கொஞ்சம் தள்ளி நின்றேன்.

“தலைவியம்மா என்கிட்ட ஒண்ணு சொன்னாங்க” என்று தொடங்கினேன். “அன்னைக்குப் பேரு சொல்லியிருந்தா...”

“தெரியும்.”

“எப்ப?”

“மறுநாளே. அவுங்க டிரைவரு நம்ம டெப்போலதான் டீ குடிப்பான்.”

“தெரிஞ்சும் பந்து பொறுக்கினியா?”

“அது வேற, இது வேறன்னு உனக்கு எத்தன வாட்டி சொல்லுதது?” ஒரு புல்லைப் பிடுங்கினான். “உன் மேல எனக்குக் கோவம் இல்லன்னு நெனைச்சிராத. நெறைய இருக்கு. அன்னைக்கு எனக்கு வாய் வரல. என் மேலதான் முதல்ல கோவம். நாப்பது வருஷமா அந்தப் பேரை மனசுல சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். நாக்குக்கு வரமாட்டங்கு. ஆனா உனக்கு வரும். நீ அதையெல்லாம் நம்பாதவன். அதுக்குத்தான உன்னைக் கூப்ட்டேன்.”

அவன் அருகில் உட்கார்ந்தேன். கேட்க நினைத்ததை ஒரு வழியாகக் கேட்டேன்.

“தொண்ணூத்தொண்ணுல என்னை ஏன் வெளிய எடுத்தாரு? உனக்குத் தெரியுமா?”

அவன் என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். “இது என்ன கேள்வி? உனக்கு மூச்சு வாங்கிச்சு.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன? பரீட்சைக்குப் படிச்சிட்டு ரெண்டு வாரம் பிராக்டீசுக்கு வரல. பாதியில இடுப்புல கை வச்சு நின்ன. எல்லாருந்தான் பாத்தோம். ‘பய தவங்கிட்டான், நீ போ’ன்னாரு. அடுத்த ஞாயிறு உன்னையத்தான் முதல்ல எறக்கணும்னு சொல்லி வச்சிருந்தாரு. நீ வரல. அதுக்கு அடுத்த ஞாயிறும் கேட்டாரு. பொறவு கேக்கல.”

எனக்கு இடுப்பில் கை வைத்து நின்றது ஞாபகமில்லை. எத்தனையோ முறை அந்த ஆட்டத்தை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் நான் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறேன்.

நடப்பவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். வளைவின் மேல் இருக்கும் எழுத்து உள்ளே இருந்து பார்த்தால் இடவலம் மாறி, பின்புறத் தகரமும் திருகாணியுமாகத்தான் தெரிகிறது.

எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. கூட்டரங்கில் நின்ற மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நின்று, “இஞ்ஞாசி மொராயிஸ்” என்றேன்.

குரல் சரியாக வரவில்லை. மறுபடி, கொஞ்சம் சத்தமாக, “மாஸ்டர் இஞ்ஞாசி மொராயிஸ்” என்றேன். காலி கேலரியில் பட்டுத் திரும்பி வந்தது.

கஸ்பார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கோட்டைக் காட்டினான்.

“பேரைச் சொல்லிட்ட. அஞ்சு சுத்து. ஓடு.”

“இப்பவா?”

“வழக்கத்தை மதிக்கிற ஆளுல்லா நீ.”

செருப்பைக் கழற்றினேன். பேன்ட்டை மடித்துவிட்டு ஓடினேன். முதல் சுற்று முடிந்துவிட்டது. இரண்டாவதில் விலா இழுத்தது. மூன்றாவதில் வாயைத் திறந்துகொண்டு, கிட்டத்தட்ட நடந்துகொண்டிருந்தேன். தூரத்துக் கொடிக் கம்பத்துப் பக்கம் நின்றுவிட்டேன். நின்ற பிறகுதான் கவனித்தேன், இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.

கோட்டுக்கு வெளியே கஸ்பார் கம்பத்தைப் பிடித்து எழுந்து நின்றிருந்தான். கையைத் தூக்கி என்னை அழைத்தான்.

“போதும், வெளிய வா.”

வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. கோட்டுக்கு வெளியே அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச மூச்சு இல்லை. அவன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினான். பாதி குடித்ததும் பிடுங்கிக்கொண்டான்.

“இன்னும் ரெண்டரைச் சுத்து பாக்கி இருக்கு” என்றான்.

மே 6

இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. மாடிப்படி ஏற முடியவில்லை. ஜெசிந்தா எண்ணெய் சுட வைத்துக் கொடுத்தாள். தேய்த்துக்கொண்டு கிளம்பினேன்.